மணல் பக்கியில் டேப்லெட்டையே மீட்டராக மாட்டலாமா?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். ஷார்ஜாவில் வேலை. செகண்ட் ஹேண்டில் ஒரு மணல் பக்கி, அதாவது மணல்மேட்டில் ஓட்டும் திறந்த வண்டி, வாங்கியிருக்கிறீர்கள். பின்னால் 2004 மாடல் சுபாரு 2.5 லிட்டர் இன்ஜின், அதன் ஒரிஜினல் இசியுவோடு (இன்ஜினை ஆட்டிவைக்கும் கம்ப்யூட்டர்). முன்னால் இருந்த மீட்டர்கள் எல்லாம் செத்துப்போய்விட்டன. வீட்டில் எட்டு அங்குல ஆண்ட்ராய்டு டேப்லெட் ஒன்றும் பழைய ஐபேட் ஒன்றும் சும்மா கிடக்கின்றன. இசியு சொல்லும் விவரங்களை எடுத்து அனுப்பும் மலிவான ஓபிடி புளூடூத் அடாப்டர் ஒன்றைச் செருகி டேப்லெட்டையே டேஷ்போர்டாக்கிவிட்டால் போதுமா, தனி மீட்டர் எதுவும் வேண்டாமா என்று கேட்கிறீர்கள்.

மாட்டலாம். நானே இரண்டு வண்டிகளில் மாட்டியிருக்கிறேன். ஆனால் "தனி மீட்டர் எதுவும் வேண்டாமா" என்கிற இடத்தில்தான் இன்ஜினைப் பறிகொடுப்பீர்கள். டேப்லெட் பார்க்கிறதுக்கு நல்ல சாமான். காவலுக்கு வேறு ஆள் போடணும்.

(பக்கி என்று எழுதும்போதெல்லாம் ஊரில் சாப்பாட்டுக்கு அலைகிறவனைத் திட்டுவது ஞாபகம் வருகிறது. வேறு சொல் அகப்படவில்லை. பெட்ரோலுக்கு அலைவதில் இந்த வண்டியும் அப்படித்தான்.)

ஓபிடி-2 என்பது புகையைக் கட்டுப்படுத்த வந்த ஏற்பாடு. அமெரிக்காவில் 1996 மாடல் வண்டிகளிலிருந்து கட்டாயமானது. அதனால் புகையோடு சம்பந்தப்பட்ட விவரங்களைத்தான் அது ஒழுங்காகக் கொடுக்கும்: ஆர்பிஎம், கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர்) சூடு, உள்ளே போகும் காற்று, திராட்டில், ஆக்ஸிஜன் சென்சார். ஆயில் பிரஷர் அந்தப் பொதுப் பட்டியலிலேயே கிடையாது. உங்கள் இன்ஜினில் ஆயில் பிரஷருக்கு என்று இருப்பது ஒரு சுவிட்ச். அதன் ஒயர் இசியுவுக்குப் போகாமல் நேராக டேஷ்போர்டு விளக்குக்குப் போகிறது. ஆகவே காசு கொடுத்து எந்த ஆப் வாங்கினாலும் ஆயில் பிரஷர் வராது. திரையில் அழகான ஒரு முள் இருக்கும், சென்சார் இல்லாமல் அப்படியே நிற்கும்.

மணலில் அதுதானே முக்கியம்? சமதளத்தில் ஓட்டும்போது ஆயில் சம்ப்பின் (இன்ஜினுக்குக் கீழே உள்ள ஆயில் தொட்டி) அடியில் அமைதியாகக் கிடக்கும். மணல்மேட்டில் பக்கவாட்டில் சரிந்துகொண்டே, கால் முழுக்க அழுத்தி, 5000 ஆர்பிஎம்மில் ஏறும்போது ஆயில் ஒரு ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். உறிஞ்சும் குழாய் ஆயிலுக்குப் பதில் காற்றைக் குடிக்கும். நாலைந்து நொடி போதும், கனெக்டிங் ராடு பேரிங் தேய ஆரம்பித்துவிடும். சுபாருவின் கணக்குப்படி சூடான இன்ஜினில் 600 ஆர்பிஎம்மில் சுமார் 1 பார் (பார் என்பது பிரஷரின் அளவு), 5000-இல் சுமார் 3 பார் பிரஷர் இருக்க வேண்டும். கம்பெனி சுவிட்சோ பிரஷர் அரை பாருக்கும் கீழே போன பிறகுதான் விளக்கை எரிய விடும். 5000 ஆர்பிஎம்மில் அந்த விளக்கு எரிந்தால் அது எச்சரிக்கை இல்லை, இரங்கல் செய்தி.

அடுத்து கூலன்ட் சூடு. இது ஓபிடியில் வரும், டேப்லெட்டில் தெரியும். இங்கேதான் நான் ஏமாந்தேன். முதல் வண்டியில், பிப்ரவரி மாதம், அல் பதாயர் மணல்மேடுகளில் ஓட்டிக்கொண்டிருந்தேன். வெகுநேரம் 92 டிகிரியில் நின்ற எண் மெல்ல 80-க்கு இறங்கியது. காற்று நன்றாக அடிக்கிறது போலிருக்கிறது என்று சந்தோஷமாக இன்னும் இரண்டு மேடு ஏறினேன். உண்மையில் நான் சரியாக முறுக்காத ஒரு ஹோஸ் கிளாம்ப் கழன்று கூலன்ட் முழுக்கக் கொட்டியிருந்தது. சென்சார் இருப்பது இன்ஜின் மேலே தண்ணீர் போகும் குழாயில். அதன்மேல் தண்ணீர் பட்டால்தான் அதற்குச் சூடு தெரியும். தண்ணீர் போய்விட்டால் ஆவியையும் காற்றையும் அளந்துவிட்டு "எல்லாம் சுகம்" என்று சொல்லும். சூட்டில் சிலிண்டர் ஹெட் இரண்டும் வளைந்துவிட்டன. இந்த 2.5 லிட்டர் இன்ஜின் குடும்பமே ஹெட் கேஸ்கெட் விஷயத்தில் பேர்போனது, அதை இன்னும் சோதிக்க வேண்டாம்.

ஆகவே காவலுக்கு இரண்டே இரண்டு சிவப்பு விளக்கு. டேப்லெட்டோடு இவற்றுக்கு எந்த ஒயரும் உறவும் இருக்கக்கூடாது.

முதல் விளக்கு ஆயிலுக்கு. பிரஷரைத் திருகி அமைத்துக்கொள்ளும் சுவிட்ச் கடையில் கிடைக்கும். 0.8 பார் அளவில் வையுங்கள். சூட்டில் ஐடிலில் நிற்கும்போது லேசாகக் கண் சிமிட்டினால் பரவாயில்லை. பிரஷர் இல்லாதபோது சர்க்யூட்டை மூடுகிற வகையாக வாங்குங்கள். அப்போது சாவி போட்டதும் இன்ஜின் ஸ்டார்ட் ஆகும்வரை விளக்கு எரியும், பல்ப் உயிரோடு இருக்கிறது என்று தினமும் தெரிந்துவிடும். பஸ்ஸர் வைத்தால் ஹெல்மெட்டுக்குள்ளும் இன்ஜின் சத்தத்திலும் ஒன்றும் கேட்காது. விளக்கைப் பெரிதாக, ஸ்டீயரிங்குக்கு நேர் மேலே, கண் மணலைப் பார்க்கும்போதே ஓரத்தில் அடிக்கிற மாதிரி வையுங்கள்.

இரண்டாவது விளக்கு கூலன்ட் மட்டத்துக்கு. சூட்டை அளக்க வேண்டாம், தண்ணீர் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் மிதவை சுவிட்ச் போதும். கூலன்ட் ஓட்டத்தில் உயரமான இடம் எதுவோ அந்த டாங்கில் போடுங்கள். இன்னும் ஆசை இருந்தால் சிலிண்டர் ஹெட்டில் ஒரு போல்ட்டுக்கு அடியில் வளைய வடிவ கே-டைப் தெர்மோகப்பிள் வைக்கலாம். அது உலோகத்தின் சூட்டைச் சொல்லும், தண்ணீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொய் சொல்லாது.

இவ்வளவும் போட்டாச்சு என்றால் டேப்லெட்டில் நீங்கள் இஷ்டப்படி விளையாடலாம்.

அடாப்டரில் இருந்து ஆரம்பிப்போம். கடையில் மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும், இசியுவின் பேச்சை ஆப்புக்கு மொழிபெயர்க்கும் இஎல்எம்327 என்ற சிப்பின் நகல்கள். ஒரிஜினலைச் செய்தது எல்ம் எலக்ட்ரானிக்ஸ் என்ற கனடா கம்பெனி, 2022-இல் மூடிவிட்டார்கள். "வெர்ஷன் 1.5" என்று பெட்டியில் போட்டிருப்பதை நல்லது என்பார்கள். அந்தக் கம்பெனி 1.5 என்று ஒன்றை வெளியிட்டதே இல்லை. நகல் என்பதற்காக ஒதுக்க வேண்டியதில்லை, வேலை செய்யும். ஆனால் உங்கள் கூட்டணியில் மெதுவான ஆள் அடாப்டர் இல்லை, இசியு. 2004 சுபாரு பேசுவது கே-லைன் என்ற பழைய ஒற்றை ஒயர் மொழி, நொடிக்கு 10,400 பிட். ஒவ்வொரு கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் கட்டாய இடைவெளி வேறு. நடைமுறையில் நொடிக்கு ஐந்தாறு விவரம் வரும். ஆறு மீட்டர் திரையில் வைத்தால் ஒவ்வொன்றும் நொடிக்கு ஒருமுறைதான் நகரும். 6000 ஆர்பிஎம்மில் இன்ஜின் ஒரு நொடியில் நூறு சுற்று சுற்றிவிடுகிறது! ஆர்பிஎம் முள்ளைப் பார்த்து கியர் மாற்றும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள், காது போதும். திரையில் மூன்று விவரத்துக்கு மேல் வைக்காதீர்கள்: கூலன்ட் சூடு, பேட்டரி வோல்ட், ஆர்பிஎம்.

கொஞ்சம் மெனக்கெடத் தயார் என்றால் சுபாருவின் சொந்த மொழியில் பேசும் ஆப்களும் உண்டு. ஒரே கேள்வியில் பல விவரங்களை அது கேட்க முடியும். அதன் வேகம் நொடிக்கு 4,800 பிட்தான், ஆனாலும் ஒவ்வொன்றாகக் கேட்கும் நேரம் மிச்சமாவதால் முள் முன்னைவிட ஒழுங்காக ஓடும்.

பக்கி கட்டியவர்கள் ஒயரிங் ஹார்னஸை வெட்டும்போது ஓபிடி சாக்கெட்டையும் வெட்டி எறிந்திருப்பார்கள். பயப்பட வேண்டாம். பதினாறு பின் உள்ள சாக்கெட் தனியாகக் கிடைக்கும். நாலாவது, ஐந்தாவது பின் எர்த், பதினாறாவது பேட்டரி, ஏழாவது கே-லைன். இசியுவில் கே-லைன் எந்தப் பின் என்று உங்கள் மாடலின் ஒயரிங் படத்தைப் பார்த்து எடுங்கள், ஒயரின் நிறத்தை நம்பி எடுக்காதீர்கள்.

இன்னொன்று, வேகம். இந்த மாதிரி பக்கிகளில் சுபாரு இன்ஜினுக்குப் பின்னால் பெரும்பாலும் ஃபோக்ஸ்வாகன் கியர்பாக்ஸ் இருக்கும். சுபாருவின் ஸ்பீடு சென்சார் பழைய கியர்பாக்ஸோடு போயே போச்சு. ஓபிடியில் வேகம் எப்போதும் பூஜ்யம்தான். டேப்லெட்டின் ஜிபிஎஸ்ஸில் இருந்து எடுத்துக்கொள்ளலாம். ஐபேடில் வைஃபை மட்டும் உள்ள மாடல் என்றால் ஜிபிஎஸ்ஸே கிடையாது. அதோடு இந்த மலிவு புளூடூத் அடாப்டர்களும் ஐபேடோடு பேசாது, வைஃபை வகையோ குறைந்த மின்சக்தி புளூடூத் வகையோ தேடணும். ஐபேடை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது.

வெயில். ஐபேடை 0 முதல் 35 டிகிரி வரையான சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். அரபு நாட்டு நவம்பர் காற்று அதற்குள்தான் இருக்கும். ஆனால் டேப்லெட்டை உருக்குவது காற்றின் சூடு இல்லை, கறுப்புக் கண்ணாடிமேல் நேராக விழும் வெயில். திரை முழு வெளிச்சத்தில், ஜிபிஎஸ் ஓட, சார்ஜும் ஏற, உள்ளே இருந்து வேறு சூடு. மதியம் பன்னிரண்டுக்கு வண்டியை நிறுத்திவிட்டு டீ குடித்து வந்தால் "டெம்பரேச்சர்" என்று ஒரு படம் மட்டும் திரையில் இருக்கும், ஆறும்வரை ஒன்றும் செய்ய முடியாது. ஆண்ட்ராய்டும் மோசம்தான். முதலில் வெளிச்சத்தைத் தானாகக் குறைக்கும், அப்புறம் வேகத்தை, அப்புறம் அணைந்துவிடும். பேட்டரி உப்பியிருக்கிறதா என்று இப்போதே டேப்லெட்டை மேஜையில் படுக்க வைத்துப் பாருங்கள். ஆடினால் அந்த டேப்லெட் இந்த வேலைக்கு வேண்டாம்.

என் இரண்டாவது வண்டியில் சாம்சங்கின் கேலக்ஸி டேப் ஆக்டிவ்3 வைத்தேன். 2020-இல் வந்த எட்டு அங்குல டேப்லெட், தூசிக்கும் தண்ணீருக்கும் ஐபி68 தரம், கையுறையோடும் தொடலாம். அதெல்லாம் விளம்பரத்தில் இருப்பது. நான் வாங்கியதற்குக் காரணம் வேறு. அதன் பேட்டரியைக் கழற்றி எடுத்துவிட்டு, வெளி மின்சாரத்திலேயே ஓட்டும் வசதி அதில் உண்டு. வெயிலில் பயப்பட வேண்டிய சாமானே பேட்டரிதான், அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டால் பாதி கவலை தீர்ந்தது. பழைய டேப்லெட்டையே வைப்பதாக இருந்தால் சார்ஜை 80, 85 சதவீதத்தில் நிறுத்தும் அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். மேலே ஒரு தகட்டுக் குடை போடுங்கள், பின்பக்கம் காற்றுப் போக இடம் விடுங்கள். டப்பாவுக்குள் வைத்து சிலிக்கான் போட்டு அடைத்தால் தூசி போகாதுதான், சூடும் வெளியே போகாது.

வெயிலில் திரை தெரிவது தனிக்கதை. வெளியே நன்றாகத் தெரிய 1000 நிட் (திரை வெளிச்சத்தின் அளவு) வேண்டும் என்பார்கள், சாதாரண டேப்லெட் 400, 500-இல் நின்றுவிடும். இதற்கு ஒரு பைசா செலவில்லாத வைத்தியம் இருக்கிறது. ஆப்களில் வரும் டேஷ்போர்டு படங்கள் எல்லாம் கறுப்புப் பின்னணியில் சிவப்பு முள். ராத்திரியில் ஜோராக இருக்கும். பகலில் அது கண்ணாடி, உங்கள் முகம்தான் தெரியும். வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எண், பெரிதாக, முள்ளே இல்லாமல். பார்க்க அரசாங்கப் படிவம் மாதிரி இருக்கும், ஆனால் படிக்க முடியும். போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போடுகிறவர் என்றால் டேப்லெட்டை நிமிர்த்தியும் படுக்க வைத்தும் இரண்டு விதமாகப் பாருங்கள். சில திரைகள் ஒரு நிலையில் முழுக்கக் கறுத்துவிடும்.

மின்சாரத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். பக்கியின் 12 வோல்ட் என்பது பேருக்குத்தான். ஸ்டார்ட்டர் சுற்றும்போது ஒன்பதுக்கும் கீழே போகும், ஓடும்போது 14-க்கு மேல். ஓடிக்கொண்டிருக்கையில் பேட்டரி முனை குலுங்கிக் கழன்றால் ஆல்டர்னேட்டர் ஒரு கணம் பல பத்து வோல்ட்டைக் கக்கிவிடும். சந்தையில் பத்து திர்ஹத்துக்குக் கிடைக்கும் சின்ன நீல கன்வர்ட்டர் போர்டுகளின் உச்ச வரம்பு 40 வோல்ட். அது செத்தால் சும்மா சாகாது, 12 வோல்ட்டை அப்படியே டேப்லெட்டுக்குள் அனுப்பிவிட்டுச் சாகும். வாகனங்களுக்கென்றே செய்த, ரப்பர் மாதிரி பசை ஊற்றி அடைத்த 5 வோல்ட் 3 ஆம்பியர் கன்வர்ட்டர் வாங்குங்கள். முன்னால் திடீர் வோல்ட்டை விழுங்கிக்கொள்ளும் ஒரு டிவிஎஸ் டையோடு, பேட்டரிக்குப் பக்கத்திலேயே 3 ஆம்பியர் ஃபியூஸ்.

ஆயில் பிரஷரையும் டேப்லெட்டில் பார்க்கணும் என்ற ஆசை வரும். எனக்கும் வந்தது. நல்ல ஆசைதான், ஏனென்றால் எந்தச் சரிவில் எவ்வளவு இறங்குகிறது என்று பதிவு பண்ணி வீட்டில் உட்கார்ந்து பார்க்கலாம். 0 முதல் 10 பார் வரை அளந்து 0.5 முதல் 4.5 வோல்ட் வரை கொடுக்கும் மூன்று ஒயர் சென்சார் வாங்குங்கள். அதில் பூஜ்யம் பிரஷருக்கே 0.5 வோல்ட் வரும். ஒயர் அறுந்தால் 0 வோல்ட் ஆகும், இரண்டையும் பிரித்துச் சொல்லிவிடலாம். பழைய 10 முதல் 180 ஓம் வகையில் இந்த வசதி இல்லை. அதைச் சாதாரணமாக இணைத்தால் ஒயர் அறுந்தபோது முழு பிரஷர் காட்டும், இதைவிட மோசமான பொய் வேண்டுமா? சென்சாரில் இருந்து இஎஸ்பி32 என்ற சின்ன கம்ப்யூட்டர் போர்டுக்கு, அதிலிருந்து புளூடூத்தில் டேப்லெட்டுக்கு. முதல் தலைமுறை இஎஸ்பி32 எடுங்கள், பின்னால் வந்த எஸ்3, சி3 வகைகளில் பழைய புளூடூத் கிடையாது. அந்த போர்டே வோல்ட்டை அளப்பதில் கொஞ்சம் கோணல், ஏடிஎஸ்1115 என்ற தனி சிப்பை நடுவில் வைத்தால் எண் ஆடாது. திரையில் மீட்டர்களைக் காட்டும் ரியல்டேஷ் ஆப் இப்படி வெளியில் இருந்து வரும் விவரங்களை வாங்கிக்கொள்ளும்.

சென்சாரைப் பொருத்தும்போது ஒன்றைக் கவனியுங்கள். சுபாருவின் ஆயில் சுவிட்ச் ஓட்டை 1/8 அங்குல பிஎஸ்பிடி மரை, அங்குலத்துக்கு 28 சுற்று. கடையில் தரும் சென்சார் பெரும்பாலும் என்பிடி என்ற வேறு மரை, 27 சுற்று. இரண்டு சுற்று நன்றாகவே ஏறும், அப்புறம் இறுகும், பலமாக முறுக்கினால் பிளாக்கில் மரை போய்விடும் அல்லது ஆயில் கசியும். சரியான அடாப்டர் வாங்கி, பின்னல் ஹோஸ் போட்டு, சென்சாரை இன்ஜினில் தொங்கவிடாமல் ஃபிரேமில் பிடியுங்கள். அதிர்வில் பித்தளைக் கழுத்து முறிந்து சூடான எக்ஸாஸ்ட் மேல் ஆயில் பீய்ச்சியதை நான் பார்த்திருக்கிறேன்.

டேப்லெட்டைப் பிடிப்பதற்கு நாலு விரல் ஸ்டாண்டு போதவே போதாது. வண்டி கவிழ்ந்தால் அது முகத்துக்குப் பறந்து வரும் தகடு. நாலு பக்கமும் உலோகச் சட்டம், ரப்பர் புஷ் வைத்து போல்ட். முதலில் சாகப்போவது யுஎஸ்பி துளைதான். ஒயரைச் சட்டத்திலேயே இறுகக் கட்டிவிடுங்கள், துளையில் பாரமே விழக்கூடாது. பின்பக்கம் தனி சார்ஜ் முனைகள் உள்ள டேப்லெட் என்றால் இந்தத் தொல்லை இல்லை. மேட்டின் உச்சியைப் பார்க்கிற வழியை மறைக்காமல் தாழ்வாக வையுங்கள்.

அமைப்புகளில் ஏரோப்ளேன் மோடு, புளூடூத் மட்டும் ஆன், அப்டேட் எல்லாம் ஆஃப், சிம் வேண்டாம். நான் செய்யாமல் விட்ட நாளில் மேட்டு உச்சியில் ஆர்பிஎம் இருந்த இடத்தில் ஊரில் இருந்து அத்தையின் வீடியோ கால் வந்தது.

எல்லாம் படித்துவிட்டு, டேப்லெட்டே வேண்டாமோ என்று தோன்றலாம். மெக்சிகோவின் பாஹா 1000 பந்தயத்தைப் பாருங்கள். 1967-இல் முதல் பந்தயத்தில் ஜெயித்தது மேயர்ஸ் மான்க்ஸ் என்ற பக்கிதான். இன்று அங்கே ஓடும் பல வண்டிகளில் வழி பார்ப்பதற்கு லோரன்ஸ் கருவி இருக்கும், அடிப்படையில் படகில் மீன் தேடும் திரை. கடல் வெயிலுக்கும் உப்புத் தண்ணீருக்கும் செய்தது பாலைவனத்துக்கும் ஒத்துப்போகிறது. ஐபேடில் வழி பார்ப்பவர்களும் உண்டு, பக்கத்து இருக்கைக்காரர் பார்ப்பதற்காக. இன்ஜின் மீட்டருக்கு மோடெக், எய்ம், ஹோலி என்று பந்தயத்துக்கென்றே செய்த டேஷ் வைக்கிறார்கள். அவை உங்கள் பக்கியின் பாதி விலையைக் கேட்கும். வார இறுதி வண்டிக்கு டேப்லெட்டும் இரண்டு சிவப்பு விளக்கும் தாராளம்.

டேஷ்போர்டில் பழைய மீட்டர்கள் இருந்த 52 மில்லிமீட்டர் வட்ட ஓட்டைகள் இருக்குமே, அவற்றைத் தகடு அடித்து மூடிவிடாதீர்கள். ஸ்டீயரிங்குக்கு நேரே இருக்கும் இரண்டில் அந்த விளக்குகள் கச்சிதமாக உட்காரும். இந்த வெள்ளிக்கிழமை அதை முடித்துவிட்டு, ஒரு தடவை ஆயில் சுவிட்ச் ஒயரைக் கழற்றி எர்த்தில் தொட்டுப் பாருங்கள். சிவப்பு எரிந்தால் டேப்லெட் சட்டத்துக்கு அளவெடுக்க ஆரம்பிக்கலாம்.